ஓபியாய்டு மருந்துகள்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலி தணிப்புப் பிரிவில் மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி நோயாளியின் வீட்டார் கேட்கும் கேள்விகள் ஒரு பக்கம். போதையிலிருந்து மீள வருகிறவர்களின் வீட்டார் கேட்கும் கேள்விகள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் கேட்பது ஒரே மருந்துக் குடும்பத்தைப் பற்றித்தான். வேண்டாத பயத்தால் வலியில் துடிப்பவர்களையும் பார்க்கிறோம், இருக்க வேண்டிய பயம் இல்லாமல் மூச்சு நின்று போகிறவர்களையும் பார்க்கிறோம். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தை வைத்து டோஸை மாற்றாதீர்கள்.

ஓபியாய்டு என்றால் எந்தெந்த மருந்துகள்?

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. மார்ஃபினும் கோடீனும் அதிலேயே இருக்கின்றன. மார்ஃபினைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஃப்ரீட்ரிக் ஸெர்ட்யூர்னர் என்ற ஜெர்மன் மருந்தாளுநர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது அது. மார்ஃபினில் வேதிமாற்றம் செய்து உண்டாக்கியது ஹெராயின். 1898-இல் பேயர் நிறுவனம் அதை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது என்பதை இன்று நம்புவதே கஷ்டம். ஆக்சிகோடோன், பியூப்ரெனார்ஃபின் போன்றவையும் அபினில் உள்ள பொருட்களை மாற்றிச் செய்தவை. ஃபென்டனில், மெத்தடோன், பெதிடின், டிரமடால், டாபென்டடால் ஆகியவற்றுக்குச் செடியே தேவையில்லை, முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள்.

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் பாராசிட்டமாலோடு டிரமடாலோ கோடீனோ சேர்த்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். படிக்காமல் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டால் ஓபியாய்டும் கூடும், பாராசிட்டமால் அதிகமாகி ஈரலும் கெடும்.

உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன?

மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் இவற்றுக்கென்றே ஏற்பிகள், அதாவது மருந்து வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. 1973-இல்தான் அது நிரூபணமானது. செடியில் கிடைக்கும் ஒரு பொருளுக்கு மனித மூளையில் ஏன் இடம் ஒதுக்கியிருக்கிறது என்ற கேள்விக்கு 1975-இல் பதில் கிடைத்தது: உடம்பே தனக்கான வலி தணிப்பான்களைச் சுரக்கிறது. என்கெஃபலின், எண்டார்ஃபின் என்று நாம் இப்போது சொல்வது அவற்றைத்தான்.

மருந்து அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் தண்டுவடம் வழியாக மேலே ஏறும் வலிச் செய்தி மட்டுப்படுகிறது. மூளையில் வலியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தவிப்பும் குறைகிறது. "வலி இருக்கு, ஆனா முன்ன மாதிரி படுத்தலை" என்று நோயாளிகள் சொல்வது அதனால்தான். அதே ஏற்பிகள் மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன, இன்பத்தை உணரும் பகுதியிலும் இருக்கின்றன, குடலிலும் இருக்கின்றன. நிவாரணம், போதை, மலச்சிக்கல், மரணம் எல்லாமே ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. போதையைக் கழித்துவிட்டு நிவாரணத்தை மட்டும் தரும் ஓபியாய்டைக் கண்டுபிடிக்க நூறு வருடத்துக்கும் மேலாக முயல்கிறார்கள். ஹெராயினே அப்படிப்பட்ட வாக்குறுதியோடு வந்ததுதான்.

எந்த வலிக்கு நல்லது, எந்த வலிக்குப் பலன் இல்லை?

பெரிய ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள், எலும்பு முறிவு, தீக்காயம், மாரடைப்பின் கடும் வலி, புற்றுநோய் வலி. இங்கெல்லாம் இவற்றுக்கு ஈடான மருந்து அதிகம் இல்லை.

வருடக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலி, மூட்டுத் தேய்மான வலி, தலைவலி ஆகியவற்றில் கதை வேறு. நாட்பட்ட முதுகுவலியும் மூட்டுவலியும் உள்ள 240 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. ஓபியாய்டு சாப்பிட்டவர்கள் சாதாரண வலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. பக்க விளைவுதான் அவர்களுக்கு அதிகம். புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்குக்கூட வெற்று மாத்திரையைவிட ஓபியாய்டு மேலாக இல்லை என்று 2023-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு வலியை உணரும் தன்மையே கூர்மையாகி, லேசாகத் தொட்டாலும் வலிக்கும் நிலை வருவதுண்டு. மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றுவார்கள். உண்மையில் மருந்துதான் வலியைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே நாட்பட்ட முதுகுவலிக்கு முதல் சீட்டிலேயே டிரமடால் எழுதப்பட்டால், "வேறு வழி பார்த்துவிட்டோமா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அம்மாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. வலியின் அளவைப் பார்த்துத்தான் மார்ஃபின் தருகிறார்கள், மிச்சம் இருக்கும் நாட்களைப் பார்த்து அல்ல. எலும்பில் பரவிய புற்றுநோயோடு வருடக்கணக்கில் மார்ஃபின் சாப்பிட்டுக்கொண்டு சமைத்து, பேரப்பிள்ளையைத் தூக்கி, வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. வலி அடங்கினால் தூக்கம் வரும், இரண்டு வாய் சாப்பாடு இறங்கும், சிகிச்சையைத் தாங்கத் தெம்பு கிடைக்கும்.

இந்தப் பயம் என்ன செய்யும் என்பதற்கு வார்டில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு காட்சி உண்டு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்ன மாத்திரையை மகன் தன் கைப்பொறுப்பில் வைத்திருப்பார். "ரொம்ப முடியலைன்னா மட்டும் கேளும்மா" என்று சொல்லியிருப்பார். அம்மா பிள்ளைக்குச் சிரமம் வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். தாங்க முடியாமல் கேட்கும்போது வலி உச்சிக்கு ஏறியிருக்கும், ஒரு மாத்திரைக்கு அடங்காது. "மார்ஃபினே கேக்கலை டாக்டர்" என்று மறுநாள் வருவார்கள். அட்டையை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். மகனிடம் பாசத்துக்குக் குறைவில்லை. தொடர்ந்து இருக்கும் வலிக்குக் கடிகாரம் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே சொன்ன முறை அது: முடிந்தவரை வாய் வழியாக, நேரம் தவறாமல், வலியின் படிக்கு ஏற்ப. இடையில் திடீரென்று எகிறும் வலிக்குத் தனி டோஸ் எழுதித் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

மார்ஃபின் தேவைப்படுகிறவர்களில் உலகத்தில் பெரும்பாலோருக்கு அது கிடைக்காமலே போகிறது. 2017-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட கணக்கில், ஆண்டுக்கு உலகம் முழுக்க வழங்கப்பட்ட ஓபியாய்டு, மார்ஃபினுக்கு ஈடாகக் கணக்கிட்டால், 298.5 டன், அதில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். உற்பத்திச் செலவு குறைந்த, காப்புரிமை இல்லாத பழைய மருந்து அது. இந்த எண்ணை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

சாப்பிட்டால் அடிமையாகிவிடுவாரா?

மூன்று விஷயங்கள் இங்கே ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன.

உடம்பு மருந்துக்குப் பழகுவது முதலாவது. பழைய அளவு முன்போல வேலை செய்யாது, கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, உடம்பு மருந்தைச் சார்ந்திருப்பது: சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகு திடீரென நிறுத்தினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். இந்த இரண்டும் தொடர்ந்து சாப்பிடும் யாருக்கும் வரும், பச்சைக் குழந்தைக்கும் வரும், ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்டீராய்டையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளையும்கூடப் படிப்படியாகத்தான் நிறுத்துகிறோம்.

மூன்றாவதுதான் அடிமைத்தனம். வலி இல்லாதபோதும் மருந்தைத் தேடுவது, கட்டுப்படுத்த முடியாமல் போவது, வேலையும் உறவும் உடம்பும் கெடுவது தெரிந்தும் நிறுத்த முடியாதது. இது ஒரு நோய். புற்றுநோய் வலிக்காகக் கண்காணிப்பில் சாப்பிடுகிறவர்களுக்கு இது வருவது அதிகம் இல்லை. புற்றுநோய் அல்லாத நாட்பட்ட வலிக்கு நெடுநாள் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய 8 முதல் 12 சதவீதம் பேருக்கு வருவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். "யாருக்கும் வராது" என்பதும் பொய், "தொட்டாலே போச்சு" என்பதும் பொய்.

முன்பு மது, போதைப் பழக்கம் இருந்தவர்கள், மனச்சோர்வோ பெரிய மன அதிர்ச்சியோ உள்ளவர்கள், இளம் வயதினர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அதற்காக அவர்களுக்கு வலி நிவாரணத்தையே மறுத்துவிடக் கூடாது. குறைந்த நாட்களுக்கு எழுதி, அடிக்கடி வரச் சொல்லி, மாத்திரையை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துச் சமாளிக்கலாம். பழைய பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பக்க விளைவுகள் என்னென்ன?

குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் முதல் சில நாட்களில் வந்து ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். வாய் உலரும், சிலருக்கு அரிப்பு எடுக்கும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படும்.

மலச்சிக்கல் மட்டும் போகாது. மற்ற எல்லாவற்றுக்கும் பழகும் உடம்பு இதற்குப் பழகுவதில்லை. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், சிக்கல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. நார்ச்சத்துப் பொடி மட்டும் போதாது. குடலே அசையாமல் கிடக்கும்போது அது உள்ளே கட்டியாகிவிடக் கூடும், குடலை அசைக்கும் வகை மருந்து வேண்டும். வலி நன்றாக அடங்கியும் "எனக்கு இந்த மாத்திரையே வேண்டாம்" என்று நோயாளி பிடிவாதம் பிடித்தால் முதலில் எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று கேளுங்கள். கூச்சத்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாதக்கணக்கில் சாப்பிட்டால் பாலுணர்வு ஹார்மோன்கள் குறையலாம்: ஆண்களுக்கு நாட்டம் குறைவு, பெண்களுக்கு மாதவிடாய் தாறுமாறாவது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவு வெளியேறாமல் சேரும். கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, பிதற்றல், அளவுக்கு மீறிய தூக்கம் தெரிந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

டிரமடால் லேசானதுதானே?

அப்படி நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டிரமடாலுக்கு இரண்டு முகம். ஓபியாய்டாகவும் வேலை செய்யும், மனச்சோர்வு மருந்துகளைப்போல மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளையும் கூட்டும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு சாதாரண அளவிலேயே வரலாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்தால் காய்ச்சல், நடுக்கம், படபடப்பு, குழப்பம் என்று ஆபத்தாகலாம். பழக்கமும் பிடிக்கும், நிறுத்தினால் மற்ற ஓபியாய்டுகளைப் போலவே படுத்தும்.

இருமல் சிரப்பில் கோடீன் இருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கோடீன் ஈரலில் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது, அந்த வேகம் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடும். சிலருக்கு மாறவே மாறாது. சிலருக்கு மளமளவென்று மாறி, சாதாரண டோஸே ஓவர்டோஸ் ஆகிவிடும். குழந்தைகள் இப்படி இறந்த பிறகுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் 12 வயதுக்குக் கீழ் கோடீனும் டிரமடாலும் கூடாது என்றது. பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும்.

தோலில் ஒட்டும் பேட்ச் எப்படி?

ஃபென்டனில் பேட்ச் பொதுவாக மூன்று நாள் நிற்கும். முழு பலம் வர அரை நாளுக்கு மேல் ஆகும், கழற்றிய பிறகும் மணிக்கணக்கில் தோலிலிருந்து மருந்து ஊறிக்கொண்டிருக்கும். ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். முன்பே ஓபியாய்டுக்குப் பழகியவருக்குத்தான் பேட்ச். "அப்பாவுக்கு நல்லா கேட்டுச்சு" என்று வேறு ஒருவர் முதுகில் ஒட்டுவது உயிரோடு விளையாடுவது. ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும். கடும் காய்ச்சலிலும் அதேதான். கழற்றிய பேட்சில் மருந்து கணிசமாக மிச்சம் இருக்கும். தவழும் குழந்தை எடுத்து வாயில் வைத்தாலோ ஒட்டிக்கொண்டாலோ போதும். ஒட்டும் பக்கம் உள்ளே போகுமாறு மடித்து, உடனே கை எட்டாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள்.

நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைகளுக்கும் ஒரு எச்சரிக்கை: பொடித்தோ மென்றோ கொடுத்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாதவருக்கு வேறு வடிவம் கேட்டு வாங்குங்கள்.

எதோடு சேர்க்கவே கூடாது?

மது. தூக்க மாத்திரைகள், டயஸெபாம், அல்ப்ரஸோலம் போன்ற பதற்றத் தணிப்பு மாத்திரைகள். பிரிகாபலின், காபபென்டின் ஆகிய நரம்பு வலி மருந்துகளும் மூச்சை மந்தமாக்குவதில் பங்கு சேரும். ஓவர்டோஸ் மரணங்களில் ஒரே பொருள் மட்டும் ரத்தத்தில் இருப்பது குறைவு. இரண்டு மூன்று சேர்ந்துதான் கொல்கின்றன. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஓவர்டோஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன செய்வது?

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படியுங்கள்.

எழுப்பினால் எழமாட்டார். மூச்சு மெதுவாக, விட்டு விட்டு வரும், அல்லது வராது. கருவிழியின் நடுவில் இருக்கும் கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடும் நகமும் நீலமாகும். கறுத்த நிறம் உள்ளவர்களுக்குச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும், உதட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். பல வீடுகளில் ஏமாறுவது அந்தச் சத்தத்தில்தான். "நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கறான், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். வழக்கமில்லாத குறட்டை, அதுவும் எழுப்பினால் விழிக்காத குறட்டை, மூச்சுப்பாதை அடைபடும் சத்தம்.

பெயரைச் சொல்லிக் கத்துங்கள், நெஞ்செலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லையா, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஓபியாய்டை முறிக்கும் நாலாக்சோன் மருந்து இருந்தால் கொடுங்கள். மூச்சு இல்லாவிட்டால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடியும் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்த வேண்டும். போனில் இருக்கும் அவசர உதவியாளர் சொல்வதைப் பின்பற்றுங்கள். மூச்சு இருந்தால் வாந்தி தொண்டையில் இறங்காதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தலையில் தண்ணீர் ஊற்றுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, காபி புகட்டுவது, பிடித்து நடக்க வைப்பது எதுவும் வேண்டாம். மூளைக்குக் காற்று போகாமல் நகரும் ஒவ்வொரு நிமிடமும் திரும்பக் கிடைக்காது. போலீஸ், கேவலம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாலாக்சோன் என்றால் என்ன?

ஓபியாய்டை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் முறிவு மருந்து. மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் ஊசியாகவும் வருகிறது. சில நிமிடங்களில் நின்ற மூச்சு திரும்பும். ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறுதலாகக் கொடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை, ஆகவே சந்தேகம் இருந்தால் கொடுத்துவிடலாம். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்கள்தான். மெத்தடோனோ நீண்டநேர மாத்திரையோ உடம்பில் இருந்தால் நாலாக்சோனின் வேகம் தீர்ந்ததும் மூச்சு மறுபடி மந்தமாகும். "எழுந்து உட்கார்ந்துட்டான், இனி ஆஸ்பத்திரி எதுக்கு" என்று நினைக்கக் கூடாது. எழுந்தவர் நன்றி சொல்லமாட்டார், நடுங்கிக்கொண்டு எரிந்துவிழுவார். ஓபியாய்டின் பிடி சட்டென்று விட்டதன் விளைவு அது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தவறான பயன்பாடு எப்படித் தொடங்குகிறது?

போதைக்காகத் தேடிப் போவதில் மட்டும் தொடங்குவதில்லை. ஆபரேஷன் வலி தீர்ந்த பிறகும் அந்த மாத்திரை தந்த நிம்மதி மனதில் தங்கிவிடும். தூக்கம் வராத இரவில் ஒன்று, சண்டை போட்ட நாளில் ஒன்று. ஓவர் டைம் பார்க்கிறவர்கள் உடம்பு அசதிக்கு என்று ஆரம்பிப்பார்கள். இளைஞர்களுக்குப் பெரும்பாலும் வீட்டு அலமாரியே முதல் கடை: பாட்டிக்கு எழுதித் தந்து மிஞ்சிய அட்டை. மனதின் வலிக்கும் அந்த மருந்து கொஞ்ச நேரம் கேட்கிறது என்பதுதான் அதன் பிடி. பிறகு சுகத்துக்காகச் சாப்பிடும் கட்டம் போய், உடம்பு முறுக்காமல் இருப்பதற்காகவே சாப்பிடும் கட்டம் வரும்.

தெருவில் கிடைப்பதை நம்பவே முடியாது. ஆக்சிகோடோன் மாதிரியே வடிவமும் நிறமும் வைத்து அச்சடித்த மாத்திரைக்குள் ஃபென்டனில் இருக்கிறது. ஒரே கலவையில் ஒரு மாத்திரைக்குக் கொஞ்சமும் அடுத்ததற்கு மரண அளவும் விழும். கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. ஊசி பகிர்ந்தால் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளும் இதய வால்வுத் தொற்றும் கூடவே வரும்.

அமெரிக்காவில் இவ்வளவு பேர் இறந்தது எப்படி?

1980-இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நால்வருக்குத்தான் புதிதாக அடிமைத்தனம் பதிவானது என்றது. உள்நோயாளிகளாகக் கண்காணிப்பில் இருந்தவர்கள் பற்றிய சின்னக் குறிப்பு அது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதைச் சான்றாகக் காட்டின. 1996-இல் பர்டியூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனம் ஆக்சிகான்டின் என்ற தன் ஆக்சிகோடோன் மாத்திரையை நாட்பட்ட வலிக்கும் ஏற்றது, அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் விற்றது. 2007-இல் அதன் சார்பு நிறுவனமான பர்டியூ ஃபிரடெரிக் நீதிமன்றத்தில் தவறான தகவல் தந்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சீட்டுகள் இறுக்கப்பட்டபோது ஏற்கெனவே மாட்டியிருந்தவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள், அப்புறம் கள்ள ஃபென்டனில் வந்தது. 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் ஓபியாய்டு ஓவர்டோஸில் இறந்தவர்கள் ஆண்டுக்கு 80,000-ஐத் தாண்டினார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் புற்றுநோயாளியின் மார்ஃபினைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கதையில் தப்பு செய்தது மார்ஃபின் கேட்ட நோயாளி இல்லை.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

ஹெராயின், மார்ஃபின் போன்றவற்றில் அரை நாளுக்குள் தொடங்கும்: கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், வியர்வை, மயிர்க்கூச்சம், எலும்புக்குள் குடைவது போன்ற வலி, வயிற்றுப் பிசைவு, பேதி, தூக்கமின்மை. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பேதியும் வாந்தியும் நீர்ச்சத்தை வற்றவைத்தால் ஆபத்தாகும். டாக்டர் எழுதிய மருந்தைப் பல வாரங்கள் சாப்பிட்டவர்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் சொந்த முடிவில் நிறுத்தவே கூடாது. திடீர் நிறுத்தம் குறைப்பிரசவத்துக்கும் கருக்கலைவுக்கும் இழுத்துச் செல்லலாம். மெத்தடோன் அல்லது பியூப்ரெனார்ஃபினில் நிலைநிறுத்திப் பிரசவம் பார்ப்பார்கள். பிறந்த பிறகு மருந்து நின்றுபோவதால் குழந்தைக்குத் தொந்தரவு வந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.

மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை தானே?

அப்பாக்கள் அதிகம் கேட்கும் கேள்வி, கோபத்தோடு கேட்கும் கேள்வி. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பையன் "சுத்தமாக" வேண்டும் என்று கேட்டுக் கூட்டிவந்தால் தினம் ஒரு மாத்திரையை எழுதித் தருகிறார்களே என்று தோன்றும்.

போதை ஏறி இறங்கும் அந்த ஊசலாட்டத்தைத்தான் இந்த மருந்துகள் நிறுத்துகின்றன. மெதுவாக இறங்கி, நெடுநேரம் நின்று, உடம்பு முறுக்குவதையும் அரிப்பெடுத்துத் தேடுவதையும் அடக்குகின்றன. பியூப்ரெனார்ஃபின் ஏற்பியை இறுகப் பிடித்துக்கொள்வதால் மேலே ஹெராயின் எடுத்தாலும் பெரிதாக ஏறாது; அதன் விளைவுக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு, தனியாக எடுத்தால் மூச்சை நிறுத்தும் ஆபத்து மிகக் குறைவு. நாக்கின் அடியில் மாத்திரையை வைத்துக் கரைத்துவிட்டு வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிறவரைப் போதைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். இந்தச் சிகிச்சையில் இருக்கும்வரை இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005-இலிருந்து இரண்டும் இருக்கின்றன. எத்தனை நாள் என்றால், தேவைப்படும்வரை. சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை எப்போது விடுவாய் என்று யாரும் அவசரப்படுத்துவதில்லை.

மருந்து இல்லாமல், பூட்டிவைத்து, பத்து நாளில் சுத்தமாக்கித் தருகிறோம் என்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அடித்தாலோ சங்கிலி போட்டாலோ அது சிகிச்சையே இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு, பலருக்குத் தெரியாதது: சில வாரங்கள் விலகியிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி கரைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் இரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்தான காலம். அந்த நாட்களில் நாலாக்சோன் வீட்டில் இருக்கட்டும்.

வீட்டில் ஒருவர் பயன்படுத்துகிறார் என்று சந்தேகம். எப்படிப் பேசுவது?

போதையிலோ உடம்பு முறுக்கும் நேரத்திலோ பேசாதீர்கள், ஒன்றும் ஏறாது. தெளிந்த நேரம் பார்த்து ஒருவர் மட்டும் பேசுங்கள், சொந்தபந்தமெல்லாம் கூடி விசாரணை வைக்க வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி உன்னை எழுப்பினேன், நீ எழுந்திரிக்கலை, எனக்குப் பயமா இருந்துச்சு." திருட்டு, பொய், குடும்ப மானம் என்று தொடங்கினால் கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும். கையில் ரொக்கம் கொடுக்காமல் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வண்டிக்கு நீங்களே பணம் கட்டலாம். மறுபடி விழுந்தால் எல்லாம் வீண் என்று எண்ணாதீர்கள். இந்த நோயில் மறுபடி விழுவது சகஜம், அதற்கு மறுநாளே திரும்ப வரச் சொல்லும் டாக்டர்தான் நல்ல டாக்டர்.

மருந்து சாப்பிட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா?

தொடங்கிய நாட்களிலும் டோஸ் ஏற்றிய நாட்களிலும் கூடாது. நிலையான அளவில் தெளிவாக இருப்பவர் டாக்டரைக் கேட்டு ஓட்டலாம். அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருக்கும் மாத்திரைகளை என்ன செய்வது?

நோயாளி குணமானாலும் இறந்துபோனாலும் அட்டைகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன. துக்க வீட்டில் அதைப் பற்றி யாருக்கும் நினைவு வராது. மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்துக்கடையோ ஆஸ்பத்திரியோ இருந்தால் எண்ணி ஒப்படைத்துவிடுங்கள். அப்படி வசதி இல்லாத இடத்தில் எழுதித்தந்த பிரிவின் நர்ஸைக் கேளுங்கள், வழி சொல்வார். அதுவரை பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். வலியென்று வரும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்து உதவ வேண்டாம்.